உப்புத் தட்டில் தொடங்கி ஆங்கில அறிக்கை வரை: செயற்திட்டம் மூலம் விஞ்ஞானத்தை ஆங்கில மொழிமூலத்தில் கற்பிக்க முழுமையான வழிகாட்டி

இருமொழிப் பிரிவில், அதாவது சில பாடங்களை ஆங்கில மொழிமூலத்தில் படிக்கும் வகுப்புகளில், விஞ்ஞானமோ புவியியலோ எடுக்கத் தொடங்கும் ஆசிரியர்கள் முதலாவது செயற்திட்டத்திலேயே களைத்துப்போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மூன்று வாரம் ஓடியிருக்கும், சுவர் முழுக்க பிறிஸ்டல் போட் தொங்கும். ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு "இதில் என்ன எழுதியிருக்கு?" என்றால் கடகடவென்று வாசிக்கும். "அப்படியென்றால் என்ன?" என்று கேட்டால் நிலத்தைப் பார்க்கும். பாடமும் ஏறவில்லை, ஆங்கிலமும் ஏறவில்லை. இதில் பிள்ளையைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆசிரியரும் இரவிரவாக உழைத்திருப்பார். வேலைகளின் ஒழுங்குதான் பிழைத்திருக்கும்.

கீழே உள்ள ஒழுங்கு, திருகோணமலையில் தரம் 8 பிள்ளைகளோடு நான் திரும்பத் திரும்பச் செய்து திருத்திக்கொண்டது. ஒரே ஒரு செயற்திட்டத்தை உதாரணமாக எடுத்து முதலில் இருந்து கடைசிவரை போகிறேன்: கடல்நீரைக் காயவைத்து உப்பை நிறுத்துப் பார்ப்பது. உங்கள் பாடம் வேறாக இருந்தாலும் ஒழுங்கு இதுதான்.

1. ஆங்கிலத்தை ஒருபக்கம் வைத்துவிட்டுப் பாடத்தை எழுதுங்கள்

ஒரு வெள்ளைத்தாளில், தமிழிலேயே, இரண்டு வசனம் எழுதுங்கள்: இந்தச் செயற்திட்டம் முடியும்போது பிள்ளைக்கு என்ன விளங்கியிருக்க வேண்டும், என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும். என் தாளில் இருந்தது இது: "கரைந்த பொருள் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அங்கேதான் இருக்கிறது, நீர் ஆவியானால் அது மிஞ்சும். சம கனவளவு எடுத்தால்தான் இரண்டு நீர்மாதிரிகளை ஒப்பிடலாம்."

இதை முதலில் எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆங்கிலத்தில் இருந்து தொடங்கும் ஆசிரியர், பிள்ளைக்கு இலகுவான ஆங்கிலம் எதுவோ அதற்கேற்பப் பாடத்தைக் குறைத்துக்கொண்டே போவார். கடைசியில் தரம் 8 பிள்ளை தரம் 4 விஞ்ஞானத்தை ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருக்கும். குறைக்க வேண்டியது மொழியின் சுமையை; பாடத்தின் ஆழத்தில் கைவைக்கக் கூடாது.

தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டியில் அந்த அலகுக்குரிய கற்றற் பேறுகளைப் பார்த்து, உங்கள் இரண்டு வசனமும் அதற்குள் வருகிறதா என்று சரிபாருங்கள். வராவிட்டால் அதிபரிடமும் பெற்றாரிடமும் இதற்கு நேரம் கேட்க முடியாது.

2. கேள்வி அளக்கக்கூடியதாக, பிள்ளையின் ஊரில் இருந்து வரட்டும்

"பவளப்பாறைகள்" என்று தலைப்புக் கொடுத்தால் நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாமலைத் தீவின் படங்கள் பத்தும் இணையத்தில் இருந்து எடுத்த நான்கு பந்தியும் வரும். தலைப்பைப் பார்த்துப் பிரதி எடுக்கலாம். கேள்விக்கு விடைதான் தேட வேண்டும்.

எங்கள் கேள்வி: "எங்கள் கரைகளில் எந்த இடத்துக் கடல்நீரில் உப்புக் குறைவு, ஏன்?" வகுப்பில் நிலாவெளிப் பிள்ளை இருக்கிறது, உப்புவெளிப் பிள்ளை இருக்கிறது, கிண்ணியாவில் இருந்து பாலம் கடந்து வருகிற பிள்ளை இருக்கிறது, மூதூரில் சொந்தக்காரர் உள்ள பிள்ளையும் இருக்கிறது. ஆளுக்கு ஒரு போத்தல் தண்ணீர் கொண்டுவரலாம். மகாவலி ஆறு மூதூர்ப் பக்கத்துக் கொட்டியாரக்குடாவில் விழுவதால் அந்தப் பக்கத்து நீரில் உப்புக் குறைவாக இருக்குமோ என்ற ஊகத்துக்கும் இடம் இருக்கிறது. அந்தக் கிழமை அள்ளிய நீரில் எவ்வளவு உப்பு என்பதை எந்த இணையதளமும் சொல்லாது, வீட்டில் அண்ணாவோ ரியூஷன் சேரோ எழுதிக் கொடுக்கவும் முடியாது.

மொழிக்கும் இது உதவுகிறது. தன் ஊர்த் தண்ணீரைப் பற்றிப் பேசும் பிள்ளைக்குச் சொல்ல ஏதோ இருக்கும். சொல்ல ஏதும் இல்லாதவரிடம் ஆங்கிலம் எப்படி வரும்?

3. நீங்கள் முதலில் வீட்டில் செய்து பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப்போவோர்தான் அதிகம். ஒருமுறை முழுதாகச் செய்யுங்கள், அதுவும் ஒவ்வொரு வேலையையும் ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே. எங்கே உங்களுக்கே சொல் தடக்குகிறதோ அங்கே ஒரு புள்ளடி போடுங்கள். நீங்கள் தடக்கிய இடத்தில் பிள்ளை நின்றேவிடும்.

நான் வீட்டு முற்றத்தில் செய்தபோது கைப்பட்ட பிழைகள் இவை. வெறுந்தட்டை நிறுக்க மறந்தேன். உப்பும் தட்டும் சேர்ந்த நிறைதான் மிஞ்சியது. சாப்பாடு கட்டும் அலுமினியத் தட்டில் ஊற்றினேன். உப்புநீர் அதை அரித்துக் கரும்புள்ளி போட்டுவிட்டது, பிளாத்திக்குத் தட்டுத்தான் சரி. துணியால் வடிக்காமல் ஊற்றினேன். மணலையும் சேர்த்து நிறுத்தேன்.

இன்னொன்று இருக்கிறது, அது பிழையல்ல. காலையில் நிறுத்த உப்பு, வெயில் ஏறிய பிறகு நிறுக்கும்போது நிறை குறைந்திருந்தது. கடலுப்பில் மக்னீசியம் உப்புகளும் இருப்பதால் அது இரவில் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். எல்லாக் குழுவும் ஒரே நேரத்தில், மத்தியானத்தில், நிறுக்க வேண்டும் என்ற விதி அங்கிருந்துதான் வந்தது. முன்கூட்டிச் செய்திராவிட்டால் வகுப்பின் நடுவில் இதற்கு விளக்கம் தேடி முழித்திருப்பேன்.

4. மூன்று சொற்பட்டியல் போடுங்கள்

செயற்திட்டம் எழும்புவதும் விழுவதும் இங்கேதான். புதிதாக வருபவர் நாற்பது கலைச்சொற்களை ஒரு தாளில் அடித்துக் கொடுத்துவிட்டு மொழி வேலை முடிந்தது என்று நினைப்பார். அந்தத் தாள் கொப்பியில் ஒட்டப்படும். அதற்குமேல் ஒன்றும் நடக்காது.

பாடத்தையும் மொழியையும் சேர்த்துக் கற்பிக்கும் முறைபற்றி எழுதிய டோ கொய்ல், மொழித் தேவையை மூன்றாகப் பிரிப்பார்: பாடத்தின் மொழி, பாடத்தைச் செய்வதற்கான மொழி, செய்யும்போது எதிர்பாராமல் வந்துசேரும் மொழி. மூன்றுக்கும் மூன்று தாள் வையுங்கள்.

முதல் தாள், பாடச்சொற்கள். பன்னிரண்டைத் தாண்ட வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் எதிரே தமிழ்க் கலைச்சொல்லை எழுதுங்கள்: ஆவியாதல், கரைசல், கரையம், கரைப்பான், பளிங்கு, கனவளவு, திணிவு. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தமிழ்ப் பாடநூலையும் ஆங்கிலப் பாடநூலையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தால் சொற்களைச் சோடி சேர்ப்பது இலகு.

முற்றிலும் புதிய சொல் அவ்வளவு ஆபத்தில்லை. பிள்ளைக்கு ஏற்கெனவே வேறு பொருளில் தெரிந்த சொல்தான் ஆபத்து. 'வொலியும்' என்றால் பிள்ளைக்குப் போனின் சத்தம். 'சொலூஷன்' என்றால் கணக்கின் விடை. 'டேபிள்' என்றால் மேசை. ஒருமுறை, இரண்டு நீரிலும் 'வொலியும்' சமமாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். ஒரு பிள்ளை மெல்லிய குரலில் பக்கத்துப் பிள்ளையிடம் கேட்டது: "தண்ணிக்கு என்னடி சத்தம்?" அந்தப் பிள்ளை கெட்டிக்காரி. கேட்காமல் விட்ட மற்றவர்களின் நிலை என்ன என்று அன்று யோசித்தேன். இப்படியான சொற்களைச் சிவப்பில் எழுதி, முதல் நாளே இரண்டு பொருளையும் சொல்லிவிடுங்கள்.

இரண்டாம் தாள், வசன அச்சுகள்; அதாவது பிள்ளை தன் சொற்களை இட்டு நிரப்பும் பாதி வசனங்கள். ஊகிக்க ஒன்று, ஒப்பிட ஒன்று, காரணம் சொல்ல ஒன்று, ஒழுங்காக விவரிக்க ஒன்று. நான்கு போதும்.

ஒப்பிடுவதிலும் காரணம் சொல்வதிலும் தமிழின் ஒழுங்கு பிள்ளையின் ஆங்கிலத்தைத் தலைகீழாக்கிவிடும். "ஆற்றுத் தண்ணீர் கலப்பதால் உப்புக் குறைவு" என்று பிள்ளை சரியாகத்தான் யோசிக்கிறது. தமிழில் 'ஆல்' இரண்டு கருத்துக்கும் நடுவில் நிற்கிறது. அந்த இடத்தில் அப்படியே 'பிகோஸ்' போட்டால் "உப்புக் குறைவாக இருப்பதால் ஆற்றுத் தண்ணீர் கலக்கிறது" என்ற பொருள் வந்துவிடும். திருத்துகிற ஆசிரியர் விஞ்ஞானம் விளங்கவில்லை என்று நினைத்துப் புள்ளியை வெட்டுவார். அது விஞ்ஞானப் பிழை அல்ல.

இதற்கு நான் செய்வது, 'பிகோஸ்' என்பதை இரண்டாம் வாரத்துக்குத் தள்ளிவைத்து முதலில் 'ஸோ' என்பதைப் பழக்குவது. "ஆற்றுத் தண்ணீர் கலக்கிறது, ஸோ உப்புக் குறைவு." இது தமிழ் போகிற வழியிலேயே போவதால் காரணம் முன்னும் விளைவு பின்னும் நிற்கும். அது கைவந்த பிறகு, அதே வசனத்தைத் திருப்பிப் போட்டு 'பிகோஸ்' காட்டினால் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

ஒப்பீட்டிலும் இதே கதைதான். "நிலாவெளித் தண்ணீரை விட மூதூர்த் தண்ணீரில் உப்புக் குறைவு" என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் 'நிலாவெளி' முன்னால் வந்து நின்றுவிடும். குறைவு நிலாவெளிக்கா மூதூருக்கா என்று கேட்பவர் குழம்புவார். இதற்கு விளக்கம் கொடுத்துப் பலனில்லை. வசனத்தை மூன்று அட்டைத் துண்டில் எழுதி, மூன்று பிள்ளைகளின் கையில் கொடுத்து, முன்னால் இடம்மாறி நிற்கவையுங்கள். தமிழுக்கு ஒருமுறை, ஆங்கிலத்துக்கு ஒருமுறை.

மூன்றாம் தாளை வெறுமையாக வகுப்பின் சுவரில் ஒட்டுங்கள். வேலை நடக்கும்போது பிள்ளைகளுக்குத் தேவைப்பட்டு, தெரியாமல் நின்ற சொற்கள் அதில் ஏறும். எங்கள் தாளில் முதலில் ஏறியது "ஒட்டிக்கொண்டிருக்கு" என்பதற்கான ஆங்கிலம். உப்பு தட்டின் மூலையில் ஒட்டிக்கொண்டு சுரண்ட வரவில்லை. அதை எப்படிச் சொல்வது என்று மூன்று குழுக்கள் ஒரே நேரத்தில் கேட்டன. நான் முன்னரே போட்ட எந்தப் பட்டியலிலும் அந்தச் சொல் இருக்கவில்லை.

5. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

காலம் முதலில். இரண்டாம் தவணைதான் இந்த வேலைக்குப் பொருந்தும். கச்சான் காற்று, அதாவது தென்மேற்கில் இருந்து வரும் வறண்ட காற்று, அடிக்கும் நாட்களில் ஒரு சென்ரிமீற்றர் ஆழத் தண்ணீரில் ஓரிரண்டு நாளில் உப்புக் கட்டத் தொடங்கும். வாடைக்காலத்தில், நவம்பர், டிசம்பர் மழையில், தட்டு நிறையுமே தவிரக் காயாது. கச்சானில் புழுதியும் பறக்கும் என்பதால் நுளம்புவலைத் துண்டு ஒன்றால் மூடுங்கள்.

பொருட்கள்: குழுவுக்கு இரண்டு பிளாத்திக்குத் தட்டு, மில்லிலீற்றர் கோடு போட்ட அளவுச்சாடி, ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு (வகுப்புக்கு ஒன்று போதும்), வடிக்க வெள்ளைத் துணி, ஒட்டுநாடா, பிளாட்டிக்னம் பேனை.

அனுமதி: தண்ணீர் அள்ளப் பிள்ளை தனியாகப் போகக்கூடாது. பெற்றாருக்குத் தமிழில் சிறு கடிதம் அனுப்புங்கள். எந்த இடம், எத்தனை மணிக்கு, முழங்காலுக்கு மேல் இறங்கக்கூடாது, பெரியவர் ஒருவர் கூட நிற்க வேண்டும் என்று. உட்துறைமுகப் பக்கம் பாதுகாப்புக் கட்டுப்பாடு உள்ள இடங்கள் இருப்பதால் அதை இடப்பட்டியலில் சேர்க்க வேண்டாம். டச்சுக்குடாக் கரை நகரத்துப் பிள்ளைகளுக்கு நடந்துபோகும் தூரம்.

ஆங்கில ஆசிரியர்: அவரோடு அரைமணி நேரம் இருந்து உங்கள் இரண்டாம் தாளைக் காட்டுங்கள். அந்தக் கிழமை அவர் ஒப்பீட்டு வசனங்களை எடுக்க முடிந்தால் உங்கள் வேலை பாதியாகக் குறையும். என் பிள்ளைகளின் ஆங்கிலத்தை நீங்கள் திருத்தித் தாருங்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். அது அவருக்கு மேலதிகச் சுமை, உங்களுக்கும் பலனில்லை.

6. முதலாவது பாடவேளையைத் தமிழில் தொடங்குங்கள்

இதைச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள். ஆங்கில மொழிமூலம் என்றால் மணி அடித்ததில் இருந்து ஆங்கிலம் என்று நினைக்கிறோம். ஆனால் ஊகம் என்பது யோசனை; புதிய யோசனையையும் புதிய மொழியையும் ஒரே நிமிடத்தில் கேட்டால் பிள்ளை இரண்டையும் விட்டுவிடும், அல்லது வாயில் வருகிற ஆங்கிலத்துக்கு ஏற்ற சின்ன யோசனையை மட்டும் சொல்லும்.

முதல் பதினைந்து நிமிடம் தமிழில் பேசவிடுங்கள். போத்தல்களை மேசையில் வரிசையாக வையுங்கள். "எதில் உப்புக் கூட? நாக்கில் வைக்காமல் எப்படிக் கண்டுபிடிக்கலாம்?" கிண்ணியாப் பிள்ளை சொல்லும்: "டீச்சர், மாரியில எங்கட பக்கத் தண்ணி நிறமே மாறும், வெள்ளத் தண்ணி வாறது." அந்த ஒரு வசனத்தில் பாடம் முழுவதும் இருக்கிறது. ஆங்கிலத்தில் கேட்டிருந்தால் அது வந்திராது.

பிறகு, "இப்போது இதே யோசனையை ஆங்கிலத்தில் வைப்போம்" என்று சொல்லிவிட்டு ஊக வசனத்தின் அச்சைப் பலகையில் எழுதுங்கள். ஒவ்வொரு குழுவும் ஒரு ஊகம் எழுதிக் கையொப்பம் இட வேண்டும். கையொப்பம் ஏன் என்றால், தன் பெயர் போட்ட ஊகம் சரியா பிழையா என்று அறியும் ஆவல் பிள்ளையை மூன்று வாரமும் இழுத்துக்கொண்டு போகும்.

எந்த நேரம் தமிழ், எந்த நேரம் ஆங்கிலம் என்பதைப் பிள்ளைகளுக்கு வெளிப்படையாகச் சொல்லுங்கள். யோசிக்கத் தமிழ், பதிவு, அறிவிப்பு, முன்வைப்பு எல்லாம் ஆங்கிலம். ஒரே வசனத்துக்குள் ஆசிரியர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பேசினால், பிள்ளை ஆங்கிலப் பகுதியைக் காதில் வாங்காமல் தமிழுக்காகக் காத்திருக்கப் பழகிவிடும். அது பழகிவிட்டால் மாற்றுவது கடினம்.

7. குழு நான்கு பேர், வேலை நாளுக்கு நாள் மாறும்

ஆறு பேர் என்றால் இருவர் வேடிக்கை பார்ப்பார்கள். நால்வர் போதும்: அளப்பவர், எழுதுபவர், சொல்பவர், சரிபார்ப்பவர்.

ஆங்கிலம் நன்றாக வரும் பிள்ளையைச் 'சொல்பவர்' ஆக்குவதுதான் வழக்கமான பிழை. அந்தப் பிள்ளைக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்காது, மற்ற மூவரும் வாய் திறக்கவே மாட்டார்கள். முதல் நாள் அந்தப் பிள்ளையை அளக்கவிடுங்கள். சொல்லும் வேலை ஒவ்வொரு நாளும் கை மாறட்டும். கூச்சப்படும் பிள்ளையின் முறை, சொல்ல வேண்டியது ஒரே ஒரு எண்ணாக இருக்கும் நாளில் வரட்டும். "எங்கள் தட்டின் திணிவு இத்தனை கிராம்" என்ற வசனத்தோடு தொடங்கியவர்களே மூன்றாம் வாரம் காரணம் சொல்லும் நிலைக்கு வந்தார்கள்.

8. தட்டு காயும் நாட்கள்

திங்கள் காலையில் ஊற்றுங்கள். வியாழனில் தொடங்கினால் காயும் நாட்களில் சனி, ஞாயிறு விழுந்துவிடும், பார்க்க ஆளில்லை.

ஒழுங்கு: வெறுந்தட்டில் இலக்கமும் ஊரும் எழுதி ஒட்டு, நிறு, பதி. நீரைத் துணியால் வடி. 500 மில்லிலீற்றர் அள, ஊற்று. இதே போல இரண்டாவது தட்டும். ஒரே ஊர் நீரில் இரண்டு தட்டு வைப்பது ஏன் என்று பிள்ளைகளையே கேளுங்கள். ஒரு தட்டு கவிழ்ந்த அன்று விடை தானாகத் தெரியும்.

ஒவ்வொரு நாளும் பத்து நிமிடம் மட்டும்: பார், ஒரு ஆங்கில வசனத்தில் எழுது, திகதி போடு. நீண்ட பந்தி கேட்க வேண்டாம். முதல் நாள் "தண்ணீர் தெளிவாக இருக்கிறது". இரண்டாம் நாள் "தண்ணீர் மட்டம் குறைந்துவிட்டது". மூன்றாம் நாள் ஓரத்தில் வெள்ளைக் கோடு விழும். சதுரச் சதுரமாகப் பளிங்கு தெரியும். அன்றைக்கு எல்லோரும் தட்டைச் சுற்றிக் குனிந்து நிற்பார்கள். ஆங்கிலச் சொல்லை அந்த நிமிடம் கொடுங்கள். பார்க்கும்போது கேட்ட சொல் மறக்காது. இதற்காகவே 'பளிங்கு' என்பதன் ஆங்கிலத்தை முதல் நாள் பட்டியலில் இருந்து வேண்டுமென்றே விட்டுவைப்பேன்.

இரவில் தட்டுகளை அறைக்குள் எடுங்கள். காகம் ஒருபக்கம், கோட்டைப் பக்கத்துப் பாடசாலை என்றால் மான்களும் இருக்கின்றன. பிரட்ரிக் கோட்டை மான்கள் வீதிக்கு வருவது எங்களுக்குப் புதிதல்ல, உப்பு என்றால் மான் விடாது. ஒரு காலையில் ஒரு குழுவின் தட்டு நக்கித் துடைத்த மாதிரிக் கிடந்தது. அந்தக் குழு அழுதுவிட்டது. இரண்டாவது தட்டு அறைக்குள் இருந்ததால் தப்பினோம்.

முற்றாகக் காய்ந்த பின், மத்தியானத்தில், எல்லாரும் ஒரே நேரத்தில் நிறுங்கள். வெறுந்தட்டின் கிராமைக் கழித்துவிட்டு, மிஞ்சியதை இரண்டால் பெருக்கினால் லீற்றருக்கு எவ்வளவு என்று வரும். திறந்த சமுத்திரத்தில் சராசரியாக ஒரு கிலோகிராம் கடல்நீரில் 35 கிராம் அளவில் உப்பு இருக்கிறது. வங்காள விரிகுடாவில் பெரிய ஆறுகள் கலப்பதால் மேல்மட்டத்தில் அதைவிடக் குறைவாக இருக்கும். பிள்ளைகளின் எண் இதற்குக் கிட்ட வராவிட்டால் எண்ணை மாற்றவிடாதீர்கள். "ஏன் கூடியது? ஈரமா, மணலா?" என்று தேடவையுங்கள். ஆங்கிலத்தில் அவர்கள் எழுதப்போகும் ஆகச் சிறந்த பந்தி அந்தத் தேடலில் இருந்துதான் வரும்.

9. எதைத் திருத்துவது, எப்போது

அளந்துகொண்டிருக்கும் பிள்ளையின் இலக்கணத்தைத் திருத்தாதீர்கள். அடுத்தமுறை அது பேசாது. கருத்து விளங்குகிறதா, அதே வசனத்தைச் சரியான வடிவில் நீங்கள் திருப்பிச் சொல்லிவிட்டு நகருங்கள். பிள்ளை "வோட்டர் இஸ் கோ" என்றால், "யெஸ், த வோட்டர் இஸ் இவாபரேட்டிங்" என்று சொன்னால் போதும்.

உடனே திருத்த வேண்டியது ஒரே வகை: பாடத்தின் பொருளை மாற்றிவிடும் பிழை. உப்பு 'உருகியது' என்று சொன்னால் விடக்கூடாது; கரைவதும் உருகுவதும் விஞ்ஞானத்தில் இரண்டு வேறு நிகழ்ச்சிகள். இந்தக் குழப்பம் தமிழிலும் இருப்பதால், தமிழில் ஒருமுறை பிரித்துக் காட்டிவிட்டு ஆங்கிலத்துக்குப் போங்கள்.

பிழை மொழியிலா விளக்கத்திலா என்று சந்தேகம் வந்தால் வழி இலகு: "அதையே தமிழில் சொல்லு" என்று கேளுங்கள். தமிழில் சரியாகச் சொன்னால் அதற்கு ஆங்கில அச்சு கொடுங்கள். தமிழிலும் தடுமாறினால் திரும்பத் தட்டிடம் போங்கள்.

10. எழுதவைத்தல்

அறிக்கையை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். வீட்டுக்குப் போனது வேறொருவரின் ஆங்கிலமாகத்தான் திரும்பிவரும். இரண்டு பாடவேளை ஒதுக்கி வகுப்பிலேயே எழுதவையுங்கள்.

வெற்றுத்தாள் கொடுத்தாலும் பிள்ளை திகைத்துவிடும். நான்கு தலைப்பு, ஒவ்வொன்றின் கீழும் முதல் மூன்று சொல் மட்டும்: என்ன கேட்டோம், என்ன செய்தோம், என்ன கண்டோம், ஏன் என்று நினைக்கிறோம். 'என்ன செய்தோம்' பகுதிக்குப் புதிதாக ஒன்றும் எழுதத் தேவையில்லை. ஐந்து நாளும் எழுதிய ஒற்றை வசனங்களை ஒழுங்காகச் சேர்த்தாலே பந்தி வந்துவிடும். அந்தப் பத்து நிமிடத்தை எந்த நாளும் விடாமல் செய்யவேண்டியது இதற்காகத்தான்.

பிறிஸ்டல் போட்டை ஆகக் கடைசியில் கொடுங்கள். முதலிலேயே கொடுத்தால் எழுத்தைச் சோடிக்கும் வேலையில் இரண்டு பாடவேளையும் போய்விடும்.

11. முன்வைப்பு: கேட்பவருக்கும் வேலை வேண்டும்

ஒரு குழு முன்னால் நின்று வாசிக்க, மற்றவர்கள் யன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பது தவிர்க்கக்கூடிய ஒன்று. ஐந்து ஊருக்கும் ஐந்து கட்டம் உள்ள அட்டவணை ஒன்றை ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுங்கள். தன் ஊரின் எண் மட்டுமே தன்னிடம் இருக்கும். மற்ற நான்கையும் காதால் கேட்டுத்தான் நிரப்ப முடியும், விளங்காவிட்டால் ஆங்கிலத்தில் திருப்பிக் கேட்கத்தான் வேண்டும். அட்டவணை நிரம்பிய பிறகுதான் "எங்கே குறைவு?" என்ற முதற்கேள்விக்கு யாராலும் விடை சொல்ல முடியும். கேட்க ஒரு காரணம் இருக்கும்போது பிள்ளைகள் கேட்கிறார்கள்.

தாளைப் பார்த்து வாசிக்கத் தடை போடுங்கள். ஐந்து சொல் எழுதிய சிறு அட்டை மட்டும் கையில் இருக்கலாம்.

12. புள்ளி இரண்டு நிரலில்

பாடத்துக்கு ஒரு நிரல், மொழிக்கு ஒரு நிரல். இரண்டையும் கலந்து ஒரே புள்ளி போட்டால், நன்றாக விளங்கிய பிள்ளை ஆங்கிலம் வராததால் தோற்கும். ஒன்றும் விளங்காத பிள்ளை சரளத்தால் வெல்லும். பாடசாலை மட்டக் கணிப்பீட்டுக்கு நீங்கள் கொடுப்பது விஞ்ஞானப் புள்ளி; அதில் இலக்கணத்துக்காக ஒன்றும் வெட்டக்கூடாது.

மொழி நிரலில் நான் பார்ப்பவை மூன்றே: பாடச்சொற்களைச் சரியான பொருளில் பயன்படுத்தியதா, ஒப்பீட்டு வசனம் ஒன்று நேராக வந்ததா, காரண வசனம் ஒன்று நேராக வந்ததா. கனடாவில் குடியேறிய பிள்ளைகளை ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ், அன்றாடப் பேச்சு மொழி இரண்டு வருடமளவில் வந்துவிட்டாலும் பாடத்துக்குரிய மொழி கைவர ஐந்து முதல் ஏழு வருடம் எடுக்கும் என்று காட்டினார். அங்கே வெளியிலும் ஆங்கிலம் கேட்கும். எங்கள் பிள்ளைகளுக்கு வகுப்பறை மட்டும்தான். மூன்று வாரத்தில் மூன்று விடயம் என்பது போதுமான எதிர்பார்ப்பு.

தமிழில் சரியாக விளக்கிய பிள்ளைக்குப் பாட நிரலில் முழுப் புள்ளி கொடுக்கலாமா என்று கேட்பார்கள். முதலாவது செயற்திட்டத்தில் கொடுங்கள், அதை முன்கூட்டியே பிள்ளைகளுக்குச் சொல்லியும் விடுங்கள். "தெரிந்தும் சொல்ல முடியாமல் போகும்" என்ற பயம் போனால்தான் ஆங்கிலத்தில் சொல்லிப் பார்க்கத் துணிவு வரும்.

13. அடுத்த செயற்திட்டத்தில் எதை எடுத்துவிடுவது

சுவரில் ஒட்டிய மூன்றாம் தாளைக் கிழித்தெறிய வேண்டாம். அதில் ஏறிய சொற்கள் அடுத்த செயற்திட்டத்தின் முதல் தாளுக்குப் போகட்டும். வசன அச்சுகளில் ஊகத்துக்கும் விவரிப்புக்கும் உரியவற்றைக் கழற்றிவிடுங்கள். காரணத்துக்கும் ஒப்பீட்டுக்கும் உரியவற்றை இன்னொருமுறை வைத்திருங்கள். முதல் பதினைந்து நிமிடத் தமிழைப் பத்தாகக் குறைக்கலாம், பூச்சியமாக்க வேண்டாம்.

இரண்டாவதுக்கு நான் எடுப்பது வாடைக்காலத்து வேலை. பாடசாலை முற்றத்தில் நான்கு தகரப் பேணிகளை வைத்து மழையை மில்லிமீற்றரில் அளப்பது. மரத்தடியில் ஒன்று, வெளியில் ஒன்று, கூரை ஓரம் ஒன்று, சுவரோரம் ஒன்று. தட்டு காயாத அந்த மாதங்களில் பேணிகள் நிறைந்துகொண்டிருக்கும், ஒப்பீட்டு வசனமும் 'ஸோ'வும் 'பிகோஸ்'உம் அப்படியே திரும்பத் தேவைப்படும்.